சிறு கேம் ஸ்டுடியோவுக்குப் பெயர் வைப்பது எப்படி: குமரி மாவட்டத்தில் தொடங்குகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ இருந்துகொண்டு, ஒருவராகவோ இரண்டு மூன்று பேர் சேர்ந்தோ கேம் செய்து ஸ்டீம் என்கிற கணினி கேம் கடையிலும் பிளே ஸ்டோரிலும் போட நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெயர் தேடுவதிலிருந்து பதிவு வரைக்கும் இந்த வேலையை முழுதாகச் செய்து முடித்திருக்கிறேன். அதன்பிறகு புதிதாக வந்த பலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவியும் இருக்கிறேன். அநேகமாக எல்லோரையும் தடுமாற வைப்பது வரிசைதான். முதலில் லோகோ வரைந்துவிடுகிறார்கள். அடுத்து டொமைன், அதாவது இணையதள முகவரி, வாங்குகிறார்கள். பிறகு ஊரெல்லாம் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பெயர் ஏற்கனவே வேறொருவரிடம் இருப்பது கடைசியில்தான் தெரியவருகிறது. அதற்குள் மனசு அந்தப் பெயரோடு ஒட்டிப்போயிருக்கும். விடவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். காசு செலவழிக்காமல் ஒரு பெயரைக் கழித்துக்கட்டக்கூடிய சோதனைகளை முன்னால் வைத்திருக்கிறேன். காசு கட்ட வேண்டியவை பின்னால் வரும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான். பேன் அட்டை, கைபேசி எண் இணைத்த ஆதார், ஸ்டுடியோவுக்கென்று தனியாகத் திறந்த ஒரு மின்னஞ்சல், பெயர்களையும் தேடல் முடிவுகளையும் தேதியோடு குறித்துவைக்க ஒரு விரிதாள். அப்புறம் இரண்டு ஆட்கள் வேண்டும்: மலையாளம் நன்றாகத் தெரிந்த ஒருவர், தமிழே தெரியாத ஒருவர். எதற்கு என்பது ஐந்தாவது படியில் வரும்.

1. எந்தப் பெயர் எங்கே தெரியும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

ஸ்டுடியோ பெயர் என்று நாம் ஒன்றாகச் சொன்னாலும் அதற்குள் மூன்று இருக்கின்றன. பேன் அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் இருப்பது சட்டப்பெயர். கடைப் பக்கத்திலும் கேமின் முதல் திரையிலும் வருவது காட்சிப்பெயர். டொமைன், இன்ஸ்டாகிராம், யூடியூப், இட்ச் (சிறு கேம்களை விற்கும் தளம்) போன்ற இடங்களில் ஆங்கில எழுத்தில் இடைவெளியில்லாமல் வருவது முகவரிப்பெயர். மூன்றும் ஒன்றாக இருந்தால் நல்லது. ஆனால் இருந்தே ஆக வேண்டிய கட்டாயம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ஸ்டீமில் சேரும்போது கேட்கிற சட்டப்பெயர், வங்கி ஆவணத்திலும் வரி ஆவணத்திலும் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். நிறுவனம் எதுவும் பதிவு செய்யாதவர் தன் முழுப்பெயரையே கொடுக்க வேண்டும். அதே சமயம் கடைப் பக்கத்தில் டெவலப்பர் என்ற இடத்தில் ஸ்டுடியோவின் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். புதியவர்கள் விழுவது இங்கேதான்: ஆசையாக ஸ்டுடியோ பெயரைச் சட்டப்பெயர்க் கட்டத்தில் எழுதிவிடுவார்கள். அந்தப் பெயரில் வங்கிக் கணக்கு இருக்காது. சரிபார்ப்பு நின்றுவிடும், இல்லையென்றால் பின்னால் பணம் வரும்போது சிக்கல் வரும். ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டிவிட்டுக் காத்திருக்கிற நேரத்தில் இந்தத் தலைவலி தேவையில்லை.

ஆப்பிள் இன்னும் கண்டிப்பு. ஆண்டுக்கு 99 டாலர் கட்டித் தனிநபராகச் சேர்ந்தால் ஆப் ஸ்டோரில் விற்பவர் என்ற இடத்தில் உங்கள் சொந்தப் பெயர்தான் வரும். நிறுவனமாகச் சேர, சட்டப்படி பதிவான நிறுவனமும் டன்ஸ் எண்ணும் (நிறுவனங்களுக்கு உலக அளவில் தரப்படும் அடையாள எண்) வேண்டும். வெறும் வர்த்தகப் பெயரை அவர்கள் ஏற்பதில்லை.

கூகுள் பிளேயில் ஒரே தடவை 25 டாலர். தனிநபர் கணக்கானாலும் டெவலப்பர் பெயராக ஸ்டுடியோ பெயரை வைக்கலாம். ஆனால் விவரப் பகுதியில் உங்கள் சட்டப்பெயரும் நாடும் தெரியும். காசு ஈட்டும் கேம் என்றால் முழு முகவரியும் தெரியும். வீட்டு முகவரி வெளியே தெரிவதை விரும்பாதவர்கள், குறிப்பாகப் பெண்கள், இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்வது நல்லது. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்குகள், கேமை வெளியிடும் முன் குறைந்தது 12 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் சோதிக்கவும் வேண்டும். நிறுவனக் கணக்குக்கு இந்த நிபந்தனை இல்லை. ஆனால் டன்ஸ் எண் வேண்டும்.

எந்தக் கடையில் முதலில் விற்கப் போகிறீர்கள் என்று ஒரு வரியில் எழுதிவையுங்கள். அடுத்த படி அதைப் பொறுத்தது.

2. தொழிலின் சட்ட வடிவத்தை முடிவு செய்யுங்கள்

பெயருக்கு முன்னால் இது வரக் காரணம், ஒவ்வொரு வடிவத்துக்கும் பெயர் விதி வேறு. தனியுரிமைத் தொழிலுக்கு, அதாவது ஒருவரே முதலாளியாக நடத்துவதற்கு, யாரும் பெயரை ஒதுக்கித் தருவதில்லை. நீங்களாக வைத்துக்கொள்வதுதான். எல்.எல்.பி.யும் (பங்காளிகளின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட கூட்டாண்மை) பிரைவேட் லிமிடெட் கம்பெனியும் மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தின் பெயர்ச் சோதனையைத் தாண்ட வேண்டும்.

என் யோசனை இது. ஒருவராக இருந்து, ஸ்டீமையும் இட்சையும் மட்டும் நினைத்தால் தனியுரிமைத் தொழிலும் உத்யம் பதிவும் (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) முதல் கேமுக்குப் போதும். ஐபோனில் ஸ்டுடியோ பெயர் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் எல்.எல்.பி. அல்லது கம்பெனி இல்லாமல் முடியாது. ஒருவருக்கு மேல் இருந்தால் குறைந்தபட்சம் எழுத்தில் ஒரு கூட்டாண்மைப் பத்திரமாவது வேண்டும்.

3. பெயர் யாருடையது என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்

இதைப் பலரும் பதிவெல்லாம் முடிந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கிறார்கள். நம் மாவட்டத்தில் அது ஆபத்து. கல்லூரி முடித்துச் சேர்ந்து தொடங்குகிற நாலு பேரில் ஒருவருக்குப் பெங்களூரிலோ திருவனந்தபுரத்திலோ வேலை கிடைக்கும், இன்னொருவர் வளைகுடாவுக்குப் போவார். அது இயல்பு, யார் மேலும் தப்பு இல்லை. ஆனால் டொமைன் அவருடைய சொந்த மின்னஞ்சலில், யூடியூப் சேனல் இன்னொருவருடைய கைபேசி எண்ணில், டிரேட்மார்க் என்கிற வணிகப் பெயர்ப் பதிவு மூன்றாமவர் பெயரில் என்று கிடந்தால், மிச்சமிருக்கிறவர் ஸ்டுடியோவை நடத்த முடியாது.

ஒரு பக்கம் போதும். பெயர், டொமைன், கணக்குகள் எல்லாம் ஸ்டுடியோவைச் சேர்ந்தவை. விலகுகிறவர் எத்தனை நாளுக்குள் கடவுச்சொற்களையும் உரிமையையும் ஒப்படைக்க வேண்டும். விலகிய பிறகு அதே பெயரையோ ஒத்த பெயரையோ வைத்துத் தொழில் செய்யக் கூடாது. இந்த மூன்றும் அதில் இருக்கட்டும். பெயர் இன்னும் முடிவாகாத நேரத்தில் இதில் கையெழுத்து வாங்குவது சுலபம், ஏனென்றால் அப்போது இழக்க யாரிடமும் எதுவும் இல்லை.

4. பட்டியல் போடுங்கள்

இருபது பெயராவது வேண்டும். மூன்று நாலு பெயரோடு தேடலுக்குப் போகிறவர்கள், எல்லாம் அடிபட்டதும் சோர்ந்துபோய் ஐந்தாவதாகத் தோன்றும் எதையாவது பிடித்துக்கொள்கிறார்கள்.

முதலில் எதை எழுதக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். நாஞ்சில், குமரி, கேப், முக்கடல், சங்கமம். வடசேரி பேருந்து நிலையத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தாலே இந்தப் பெயர்களில் ஹோட்டலும் டிராவல்ஸும் ஜவுளிக்கடையும் பார்க்கலாம். ஊர்ப்பற்றில் வைக்கத் தோன்றும்; எனக்கும் அந்தப் பற்று உண்டு. ஆனால் ஊர்ப்பெயருக்கு டிரேட்மார்க் சட்டத்தில் வலு குறைவு. இடத்தைக் குறிக்கும் சொல்லை ஒருவருக்கே எழுதிக்கொடுக்கப் பதிவாளர் தயங்குவார். தேடுபொறியிலும் உங்களைத் தேடுகிறவருக்கு முதலில் லாட்ஜ்தான் வரும்.

அடுத்து, தொழிலை அப்படியே சொல்லும் பெயர்கள். 'தமிழ் கேம்ஸ்', 'பிக்சல் ஸ்டுடியோ', 'இண்டி கேம் மேக்கர்ஸ்' போன்றவை. 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, பொருளின் தன்மையை வெறுமனே விவரிக்கும் சொற்களைப் பதிவு செய்ய மறுக்கிறது. கேம்ஸ், ஸ்டுடியோஸ், இன்டராக்டிவ், என்டர்டெயின்மென்ட் என்று பின்னால் சேர்ப்பதும் பெயருக்குத் தனித்தன்மை தராது. முன்னால் இருக்கும் சொல் தனியாக நிற்க வேண்டும்.

கடவுள், புனிதர், வழிபாட்டிடம் ஆகியவற்றின் பெயர்கள் எந்த மதமானாலும் வேண்டாம். மத உணர்வைப் புண்படுத்தக்கூடிய பெயரை மறுக்க அதே 9-ஆவது பிரிவில் இடம் இருக்கிறது. அதைவிட முக்கியம், மூன்று மதத்தவரும் நெருங்கி வாழ்கிற மாவட்டத்தில், வெட்டும் குத்தும் இருக்கிற ஒரு கேமின் முகப்பில் அந்தப் பெயர் வருவதை யோசித்துப் பாருங்கள்.

சூதாட்ட வாசனை அடிக்கும் சொற்களும் வேண்டாம்: பெட், கேஷ், ஜாக்பாட், வின். தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத்தைத் தடுக்கும் சட்டம் இருக்கிறது. 2025-இல் மத்திய அரசும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் கொண்டுவந்தது. பெயரைப் பார்த்தே வங்கியில் கேள்வி கேட்பார்கள். 'கேமிங்' என்ற சொல்லே பலருக்கு ரம்மியைத்தான் நினைவூட்டுகிறது. 'கேம்ஸ்' என்றால் அந்தச் சந்தேகம் குறைவு. 'ஸ்டுடியோ' என்று மட்டும் வைத்தால் நம் ஊரில் கல்யாண ஆல்பம் போடும் இடம் என்று நினைப்பார்கள். ஆகவே உள்ளூர் ஆவணங்களில் 'கேம் ஸ்டுடியோ' அல்லது 'கேம்ஸ்' என்று முழுதாக வரட்டும்.

முதல் கேமின் பெயரையே ஸ்டுடியோவுக்கு வைப்பது இன்னொரு பழக்கம். அந்தக் கேம் பாதியில் நின்றாலோ இரண்டாவது கேம் வேறு வகையாக இருந்தாலோ பெயர் இடிக்கும். 'அடிமுறை' என்று நம் ஊர்ச் சண்டைக்கலையின் பெயரை வைத்துவிட்டு அடுத்து ஒரு சொல்விளையாட்டு செய்தால், கடைப் பக்கத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று உதவாது.

சரி, எதை எழுதுவது? கேமோடு நேரடித் தொடர்பு இல்லாத, ஆனால் உங்களுக்குச் சொந்தமான சொல்லை எழுதுங்கள். சட்டத்தின் பார்வையில் வலுவானவை இரண்டு வகை: புதிதாக உண்டாக்கிய சொல், வேறு துறைச் சொல்லை எடுத்து இங்கே வைத்தது. இரண்டாவது வகைக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. பனைத்தொழில், கடல்தொழில், ரப்பர், தோவாளைப் பூச்சந்தை, ஆரல்வாய்மொழிக் காற்றாலை, மாத்தூர்த் தொட்டிப்பாலம் எல்லாவற்றுக்கும் அவற்றுக்கேயான சொற்கள் உண்டு. வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். இனி வரும் படிகளை விளக்க நான் இரண்டு சொல்லை எடுத்துக்கொள்கிறேன்: 'ஆரல்', 'அக்கானி'. முதலாவது மீன், காற்றுக்குப் பேர்போன ஆரல்வாய்மொழியின் முதல் பாதியும் அதுதான். இரண்டாவது நாம் பதநீருக்குச் சொல்வது. இரண்டுமே சின்னவை, கேமுக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. பட்டியலில் ஏறத் தகுதி உண்டு.

5. வாயாலும் காதாலும் சோதியுங்கள்

பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் கைபேசியில் ஒருவருக்குச் சொல்லி, அவர் கேட்டபடி ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். மூன்று பேர் மூன்று விதமாக எழுதினால் அந்தப் பெயர் வேண்டாம். கேமைப் பற்றிக் கேள்விப்பட்டவர் தேடும்போது அப்படித்தான் தட்டப்போகிறார். 'தொட்டிப்பாலம்' எனக்குப் பிடித்த பெயர்தான். ஆனால் முதலெழுத்துக்கு எச் உண்டா, எல் ஒன்றா இரண்டா, பி ஒன்றா இரண்டா என்று ஆளுக்கு ஒரு எழுத்துக்கூட்டு வரும். ழகரம் உள்ள பெயர்களுக்கும் இதே கதி; தமிழ் தெரியாதவர் இசட் என்றே படிப்பார்.

'அக்கானி' இந்தச் சோதனையில் ஓரளவு தேறும். இருந்தாலும் இரைச்சலில் சொன்னால் 'அக்னி' என்று காதில் விழும். அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், அடுத்த படியில் வேலைக்கு ஆகும்.

மலையாளம் தெரிந்தவரிடம் காட்டுவது இங்கேதான். விளவங்கோடு, கல்குளம் பக்கம் இரண்டு மொழியும் புழங்குகிறது. திருவனந்தபுரத்தின் மென்பொருள் பூங்காவான டெக்னோபார்க் பக்கத்திலேயே இருப்பதால் ஓவியரோ இசையமைப்பாளரோ அங்கிருந்து வரவும் வாய்ப்பு அதிகம். கிராமத்து வாசனைக்காகப் 'பட்டி' என்று முடியும் பெயர் வைத்தால், எல்லை தாண்டினால் அது நாய். தமிழே தெரியாதவரிடம் பெயரை எழுதிக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். அவர் வாசிப்பது உங்களுக்குப் பொறுக்க முடிகிறதா என்று பாருங்கள். ஸ்டீமில் உங்கள் கேமை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அவரைப் போன்றவர்களாக இருக்கலாம்.

இந்தப் படி முடியும்போது இருபது பெயர் ஏழெட்டாகக் குறையும். குறையவில்லை என்றால் சோதிக்க வந்தவர்கள் உங்கள் மனசு நோகக் கூடாது என்று பேசியிருக்கிறார்கள்; வேறு ஆளிடம் காட்டுங்கள்.

6. தேடுங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய படி இது. நாலு சுற்றாகச் செய்யுங்கள்.

முதல் சுற்று, கேம் உலகம். ஸ்டீம், இட்ச், பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோர், மோபிகேம்ஸ் (கேம்களைப் பற்றிய தகவல் தளம்) ஆகியவற்றில் பெயரைத் தேடுங்கள். ஸ்டுடியோ பெயராக மட்டும் பார்க்காமல் கேம் பெயராகவும் பாருங்கள். இதே பெயரில் ஒரு கேம் இருந்தாலே வாங்குகிறவர் குழம்புவார்.

இரண்டாவது, பொதுத் தேடல். இங்கேதான் 'ஆரல்' அடிபடுகிறது. ஆங்கிலத்தில் தட்டினால் மத்திய ஆசியாவின் ஏரல் கடல் பக்கம் பக்கமாக வரும், ஏனென்றால் எழுத்துக்கூட்டு ஒன்றே. ஜெர்மனியில் அதே எழுத்துக்கூட்டில் பெரிய பெட்ரோல் நிலைய வலையமைப்பும் இருக்கிறது. வழக்கு வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்களைத் தேடுகிறவர் கண்ணுக்கு நீங்கள் எட்ட மாட்டீர்கள். அதுவே கைவிடப் போதுமான காரணம்.

மூன்றாவது, டிரேட்மார்க். இந்திய அறிவுசார் சொத்து அலுவலகத்தின் பொதுத் தேடல் இலவசம். வகுப்பு எண் போட்டுத்தான் தேட வேண்டும். தரவிறக்கும் கேம் மென்பொருள் 9-ஆவது வகுப்பில் வரும்; இணையத்தில் ஆட வைக்கும் பொழுதுபோக்குச் சேவை 41; மற்றவர்களுக்கு மென்பொருள் செய்துகொடுப்பது 42; பொம்மை, பலகை விளையாட்டு 28. முதல் மூன்றிலும் கட்டாயம் தேடுங்கள். பலர் பெயரை அப்படியே தட்டி, ஒன்றும் வரவில்லை என்றதும் எழுந்துவிடுகிறார்கள். ஒலிப்புத் தேடல் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதையும் போட வேண்டும். 'அக்கானி'யை ஒலிப்புத் தேடலில் போடும்போது 'அக்னி' போன்றவையும் வருமா என்று பார்க்க வேண்டும், தனியாக 'அக்னி'யையும் தட்ட வேண்டும். பதிவாளர் கண்ணால் மட்டும் ஒப்பிடுவதில்லை, காதாலும் ஒப்பிடுவார்.

ஒத்த பெயர் வந்தால் உடனே கைவிட வேண்டாம். அதன் பொருள் விவரத்தைப் படியுங்கள். 9-ஆவது வகுப்பில் மூக்குக்கண்ணாடியும் பேட்டரியும்கூட இருக்கின்றன. பேட்டரிக்காரரின் பெயரும் கேம் ஸ்டுடியோவின் பெயரும் ஒத்திருப்பது ஒரு நிலை, இன்னொரு மென்பொருள் நிறுவனத்தோடு ஒத்திருப்பது வேறு நிலை. 'கைவிடப்பட்டது' என்று இருந்தாலும் எச்சரிக்கை தேவை. விண்ணப்பம்தான் கைவிடப்பட்டிருக்கும், கடை நடந்துகொண்டிருக்கலாம். நம் நாட்டில் பதிவு செய்யாவிட்டாலும் முன்னாலிருந்து பயன்படுத்துகிறவருக்கு உரிமை உண்டு.

நாம் விற்பது உலகம் முழுக்க என்பதால் வைப்போ என்கிற உலக அறிவுசார் சொத்து அமைப்பின் உலகளாவிய பிராண்ட் தரவுத்தளத்திலும் ஒரு தடவை தேடுங்கள், அதுவும் இலவசம். சாதாரணச் சொல்தானே என்று நம்பி இருந்துவிடாதீர்கள். ஹலோ கேம்ஸ் என்ற ஸ்டுடியோ தன் 'நோ மேன்ஸ் ஸ்கை' கேமின் பெயரில் உள்ள 'ஸ்கை' என்ற ஒரு சொல்லுக்காக ஸ்கை தொலைக்காட்சி நிறுவனத்தோடு மூன்று ஆண்டு சட்டப் பேச்சு நடத்தி, 2016-இல்தான் அதை முடித்தது. மைன்கிராஃப்ட் செய்த மோஜாங் 2011-இல் 'ஸ்க்ரோல்ஸ்' என்று ஒரு கேமுக்குப் பெயர் வைத்தபோது, 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வைத்திருந்த பெத்தெஸ்டா தரப்பு வழக்குக்கு வந்தது. அடுத்த ஆண்டு சமரசம் ஆனது. அவர்களிடம் வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசு இருந்தது.

நாலாவது, கம்பெனிப் பெயர்கள். அமைச்சகத்தின் தளத்தில் பெயர்ச் சோதனை இருக்கிறது. தனியுரிமையாகத் தொடங்கினாலும் பாருங்கள், நாளைக்கு நீங்களே கம்பெனியாக மாறலாம். நிறுவனப் பதிவு விதிகளின்படி ஒருமை பன்மை, இடைவெளி, புள்ளி, எழுத்துக்கூட்டில் சின்ன மாற்றம், சொற்களின் வரிசை, ஊர்ப்பெயர் சேர்ப்பது, எண் சேர்ப்பது எதுவும் வேறுபாடாகாது. இருக்கிற பெயரின் முழு மொழிபெயர்ப்பும் அப்படியே. ஆகவே பின்னால் 'நாகர்கோவில்' என்று ஒட்டித் தப்பிக்க முடியாது.

ஒவ்வொரு சுற்றின் முடிவையும் திரைப்பிடிப்பு எடுத்துத் தேதியோடு வையுங்கள். நல்லெண்ணத்தோடு தேடிப் பார்த்துத்தான் வைத்தீர்கள் என்பதற்கு அது ஆதாரம்.

7. முடிவு செய்த அன்றே முகவரிகளைப் பிடியுங்கள்

டொமைனை இவ்வளவு பின்னால் வைத்ததற்குக் காரணம் உண்டு. டொமைன் காலியாக இருப்பதால் பெயரும் காலி என்று அர்த்தமில்லை. டொமைன் விற்கிறவருக்கு டிரேட்மார்க்கைப் பற்றிக் கவலை கிடையாது.

ஆனால் பெயர் முடிவானதும் தாமதிக்காதீர்கள். டாட் காம், டாட் இன் இரண்டையும் வாங்குங்கள். டாட் காம் கிடைக்காவிட்டால் பெயருக்குப் பின்னால் 'கேம்ஸ்' சேர்த்துப் பாருங்கள். விலையைப் பார்க்கும்போது முதலாண்டுச் சலுகை விலையை விட்டுவிட்டுப் புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள். இன்ஸ்டாகிராம், யூடியூப், எக்ஸ், இட்ச், டிஸ்கார்ட் எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டில் எடுங்கள். எல்லாம் ஸ்டுடியோ மின்னஞ்சலில் இருக்கட்டும். இது முடியும்வரை வெளியே யாரிடமும் பெயரைச் சொல்ல வேண்டாம்.

8. பதிவு செய்யுங்கள்

உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. ஆதாரும் பேனும் போதும். தேடினால் மேலே வரும் பல தளங்கள் அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிப் பணம் கேட்கும். முகவரியின் முடிவில் அரசுத் தளத்துக்குரிய டாட் கவ் டாட் இன் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் கோணத்தில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்கலாம்.

தனியுரிமைத் தொழிலின் பெயரில் நடப்புக் கணக்கு திறக்க, அந்தப் பெயர் உள்ள இரண்டு ஆவணங்களை வங்கிகள் பொதுவாகக் கேட்கும். உத்யம் சான்று ஒன்று. மற்றது ஜி.எஸ்.டி. சான்றாகவோ உள்ளாட்சி உரிமமாகவோ இருக்கலாம். எல்லாவற்றிலும் பெயர் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்றில் 'கேம்', இன்னொன்றில் 'கேம்ஸ்', ஒன்றில் இடைவெளியோடு, ஒன்றில் சேர்த்து என்று கொடுத்துவிட்டுப் பிறகு திருத்த அலைகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். விண்ணப்பிக்கும் முன் எழுத்துக்கூட்டை ஒரு கோப்பில் எழுதி, அங்கிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள். கையால் தட்டாதீர்கள்.

கம்பெனி என்றால், கம்பெனி தொடங்குவதற்கான ஸ்பைஸ் பிளஸ் படிவத்தின் முதல் பகுதியில் பெயர் ஒதுக்கீடு. கட்டணம் 1,000 ரூபாய். இரண்டு பெயர் கொடுக்கலாம். ஒப்புதல் கிடைத்தால் 20 நாள் உங்களுக்காக ஒதுக்கியிருப்பார்கள். அதற்குள் மீதிப் படிவத்தை முடிக்க வேண்டும். ஆகவே மற்ற ஆவணங்களைத் தயார் செய்த பிறகே பெயருக்குப் போடுங்கள். எல்.எல்.பி.க்குப் பெயர் ஒதுக்கீட்டுக் கட்டணம் 200 ரூபாய்.

9. டிரேட்மார்க்குக்கு விண்ணப்பியுங்கள்

தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் இணையவழிக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். மற்றவர்களுக்கு 9,000. சிறுதொழில் சலுகைக்கு உத்யம் சான்று வேண்டும். அதனால்தான் அது முன்படியில் வந்தது. ஒரு வகுப்புக்குத்தான் காசு இருக்கிறது என்றால் 9-ஐ எடுங்கள். இணையத்திலேயே ஆடும் கேம் என்றால் 41. தமிழ்நாட்டுக்கு உரிய அலுவலகம் சென்னையில் இருந்தாலும் விண்ணப்பம் முழுக்க இணையத்திலேயே முடியும்.

முதலில் வெறும் சொல்லாகப் பதியுங்கள், லோகோவாக வேண்டாம். லோகோ மாறும், சொல்லுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு எந்த எழுத்துருவிலும் நிற்கும். தமிழ் எழுத்தில் பதிந்தால் ஆங்கிலத்திலோ இந்தியிலோ ஒலிபெயர்ப்பும் பொருளும் தர வேண்டும். நான் சொல்வது, முதல் விண்ணப்பம் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும், ஏனென்றால் கடைகளில் அதுதான் வருகிறது. ஏற்கனவே பயன்படுத்துவதாகச் சொன்னால் பிரமாணப் பத்திரமும் ஆதாரமும் கேட்பார்கள். இல்லையென்றால் 'பயன்படுத்த உத்தேசம்' என்று உண்மையைச் சொல்லுங்கள்.

விண்ணப்ப எண் வந்ததும் பெயருக்குப் பக்கத்தில் டி.எம். குறி போடலாம். வட்டத்துக்குள் ஆர் குறியைப் பதிவு முடியும் முன் போடச் சட்டத்தில் இடமில்லை. விண்ணப்பத்தைப் பரிசீலித்து ஆட்சேபங்களைச் சொல்லும் தேர்வு அறிக்கை வந்தால் ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். முகவர் மூலம் போட்டவர்கள் இதில்தான் நிறையப் பேர் இழக்கிறார்கள்: அறிக்கை முகவரின் மின்னஞ்சலுக்குப் போயிருக்கும், அவர் சொல்லியிருக்க மாட்டார். நிலையை மாதம் ஒரு தடவை நீங்களே பாருங்கள். பிறகு டிரேட்மார்க் அலுவலகத்தின் இதழில் வெளியாகி, நாலு மாதம் யாரும் எதிர்க்காவிட்டால் பதிவு. விண்ணப்பத் தேதியிலிருந்து 10 ஆண்டு செல்லும், அப்புறம் புதுப்பிக்கலாம். இதழில் பெயர் வந்ததும் வெளிநாட்டுப் 'பதிவேடு' ஒன்றில் சேர்க்கப் பணம் கட்டச் சொல்லிக் கடிதமோ மின்னஞ்சலோ வரக்கூடும். கட்ட வேண்டாம்.

10. இப்போது லோகோ வரையுங்கள்

பெயரின் தமிழ் எழுத்துக்கூட்டையும் இந்த இடத்தில் உறுதி செய்யுங்கள். அலுவலகம் திறந்தால் பெயர்ப்பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. ஆங்கிலப் பெயராக இருந்தாலும் அதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று நீங்களே முடிவு செய்யாவிட்டால் பலகை எழுதுகிறவர் முடிவு செய்வார்.

கேமின் முதல் திரையில் தமிழ்ப் பெயர் வரவேண்டுமென்றால் எஞ்சினை, அதாவது கேமைக் கட்டும் மென்பொருளை, பாருங்கள். யூனிட்டி எஞ்சினில் எழுத்துகளைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் புரோ தமிழ்க் கொம்பும் காலும் சேர வேண்டிய இடத்தில் தானாகச் சேர்க்காது, 'கொ' சிதறிப்போகும். அங்கே லோகோவைப் படமாகவே வையுங்கள். கோடோ 4 என்கிற எஞ்சின் தமிழைச் சரியாகவே காட்டும். பிறகு பெயரை விரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், ஸ்டோரின் சின்னப் படத்தில் அந்த அளவில்தான் தெரியும்.

11. எதிர்ப்புக் கடிதம் வந்தால்

இவ்வளவும் செய்த பிறகும் வரலாம். முதலில் கடிதம் உண்மையானதா என்று பாருங்கள்: அனுப்பியவர் சொல்லும் டிரேட்மார்க் எண்ணைப் பொதுத் தேடலில் போட்டு, பெயர், வகுப்பு, பொருள் விவரம், அவர்கள் சொல்லும் பயன்பாட்டுத் தேதி நான்கையும் ஒப்பிடுங்கள். கோபத்தில் உடனே பதில் எழுதாதீர்கள், சமூக ஊடகத்திலும் போடாதீர்கள். 6-ஆவது படியில் எடுத்த திரைப்பிடிப்புகள், முதன்முதலாகப் பெயரைப் பயன்படுத்திய தேதிக்கான ஆதாரம், 9-ஆவது படியின் விண்ணப்ப எண் மூன்றையும் எடுத்துக்கொண்டு டிரேட்மார்க் வேலை செய்கிற வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். பொதுவான சிவில் வழக்கறிஞர் எல்லோரும் இதைச் செய்வதில்லை, கேட்டுவிட்டுப் போங்கள்.

பெயரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று வந்தால், கேம் வெளிவருவதற்கு முன்னால் மாற்றுவது சுலபம். ஸ்டீமிலும் பிளேயிலும் காட்சிப்பெயரை மாற்ற முடியும், சட்டப்பெயர் உங்கள் சொந்தப் பெயராக இருந்தால் வங்கிப் பக்கம் எதையும் தொட வேண்டியதில்லை. பட்டியலில் தேறிய இரண்டாவது பெயர் அப்போது உதவும். அதனால் 6-ஆவது படியைத் தாண்டிய பெயர் எதையும் விரிதாளிலிருந்து அழிக்காதீர்கள்.